லிஃப்டுக்குள் ஒரு ராக் பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் குரல்மேல் அபார நம்பிக்கை. வீட்டில் வேறு யாருக்கும் அது இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார். பழைய பிரிட்டிஷ் ராக் பாட்டு ஒன்றைத் தானும் பாடிப் பதிவுசெய்ய, அன்று பழுதுபார்த்து முடித்த லிஃப்டுக்குள்ளேயே நின்றுகொண்டார். உள்ளே எதிரொலி பிரமாதம். இரண்டு மாடிகளுக்கு நடுவே அதை நிறுத்தி, கைப்பேசியில் பதிவைத் தட்டிவிட்டு, கண்ணை மூடி உச்சஸ்தாயியைப் பிடித்தார். கைப்பேசி அடித்தது. மெக்கானிக் எப்போதோ கிளம்பிப் போய்விட்டார் என்று நினைத்திருந்த அந்தக் கட்டடக் காவலாளி கீழே இருந்து பேசினார்.

"அண்ணே, லிஃப்டுல யாரோ மாட்டிக்கிட்டு அலறுறாங்க. காது கொடுத்துக் கேக்க முடியல. சீக்கிரம் வாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு லிஃப்டைக் கீழே இறக்கினார். கதவு திறந்ததும் காவலாளி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆளு எங்கண்ணே?"

"அனுப்பிட்டேன்" என்றார் மெக்கானிக். "இனிமே கத்தமாட்டான்."