கந்தப்பளையில் எங்கள் கடைசிக் காம்பரா

காலை 5.55க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். நானுஓயாவுக்கு ஏறக்குறைய ஏழு மணிநேரம். பதினைந்து வயதில் இதே பாதையில் எதிர்த்திசையில் வந்தவள் நான். அப்பா இல்லாத வீடு. மறுநாள் தேயிலைத் தோட்டத்தில் என் பெயரைப் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்பப் போவதாக அம்மா சொன்னாள். "கூடை தூக்க மாட்டேன்" என்று கத்தினேன். விடியுமுன் கிளம்பிவிட்டேன். தங்கை செல்விக்கு அப்போது ஆறு வயது. கட்டுநாயக்கவில் வயதைக் கூட்டிச் சொல்லித் தையல் வேலையில் சேர்ந்தேன். முதல் வருஷம் கோபம் கடிதம் எழுத விடவில்லை, பிறகு வெட்கம். அப்படியே இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது.

ஹட்டன் தாண்டியதும் ஜன்னலை மூடச் சொன்னார்கள். பனி உள்ளே வந்தது. ஒரு மணிக்கு நானுஓயா. அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு பஸ், கந்தப்பளைக்கு இன்னொன்று. தோட்டத்து மேல் டிவிசனில் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு, ஐந்து கிலோமீட்டர் தள்ளி. ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய்.

"பழைய லயத்துக்கா? அங்க யாரும் இல்லீங்க அக்கா. எல்லாரும் புது வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் ஆட்டோக்காரர். அம்மாவின் பெயரைச் சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க செல்வியப் பாருங்க" என்றார்.

ஆனாலும் முதலில் லயத்தில்தான் இறங்கினேன். குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த பன்னிரண்டு காம்பராக்களும் இடிக்கப்பட்டு, சிமெண்டுத் தரை மட்டும் வரிசையாகக் கிடந்தது. எங்களுடையது கடைசி. அடுப்பு இருந்த மூலை இன்னும் கறுப்பாக இருந்தது. நீளவாக்கில் நடந்தேன், ஐந்து எட்டில் முடிந்துவிட்டது.

அதே ஆட்டோவில் மூன்றரை மணிக்குச் செல்வியின் வீட்டு வாசல்.

"யாருங்க?"

"செல்வி, நான் புஷ்பம்."

நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

படியிலேயே உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே சொன்னாள்.

"இந்த வீடு கெடச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா வரல. கூரை ஒழுகுது, ஒத்தையில கெடக்காதம்மான்னு அழுதேன். பெரியவ வந்தா லயத்துக்குத்தான் வருவா, பூட்டியிருந்தா திரும்பிப் போயிருவான்னு சொல்லிருச்சு. மழையில சளி நெஞ்சுல கட்டிருச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்துச்சு, அவ்வளவுதான். அப்பறந்தான் லயத்த இடிச்சாங்க."

"என்னயக் கேட்டுச்சா?"

"கதவப் பூட்டிட்டியான்னு கேட்டுச்சு. பூட்டலம்மான்னு சொன்னேன்." நிலையிலிருந்து கையை எடுத்தாள். "பூட்டிட்டுத்தான் வந்திருந்தேன் அக்கா."

அந்த 'அக்கா' அவள் வாயில் தவறி வந்தது. இருவருமே அழுதோம், ஆனால் சேர்ந்து அழவில்லை. அவள் உள்ளே போய் அழுதாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தாள். தங்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்குப் பஸ். ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தவள், "ஒங்க வெலாசத்த எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஏழு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். எந்த வீட்டைவிட்டுப் போகும்போதும் அடுத்த விலாசத்தை யாரிடமும் சொல்லிவிட்டுப் போனதில்லை. என்னைத் தேடி வர யாருமில்லை என்றே நினைத்திருந்தேன்.