சேக் தாவூத் போட்ட கடைசிக் கணக்கு

சேக் தாவூத் எனக்குக் கீழ் வீடு. அமெரிக்காவில் இர்விங் நகரில் ஏழு வருடமாக ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் இருக்கிறோம். அவருக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம், வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர், அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மகள் ஃபைஹாவின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் அவரிடம் படாத பாடு படும்.

"பண்ணையில கோழியும் மாடுமா முப்பது தலை, எண்பத்தெட்டு கால், எது எத்தனைன்னு கேக்குறான். குனிஞ்சு காலை எண்ணத் தெரிஞ்சவனுக்குக் கோழிய எண்ணத் தெரியாதா?" என்பார்.

அதனால் பயிற்சிக் கணக்குகளை அவரே போடுவார். எல்லாம் வீட்டில் நடந்தவை. இந்த வாரம் ஹலால் கடையில் கோழியும் ஆட்டுக்கறியுமாகப் பதினோரு பவுண்டு, கோழி மூன்று பவுண்டு அதிகம், எது எவ்வளவு? ஃபைஹா விடை கண்டதும் ஃப்ரிட்ஜைத் திறந்து சரிபார்ப்பாள். நடந்ததை எழுதினால் கணக்கு தப்பாது என்பது அவர் கட்சி.

போன மாதம் அவருக்கு வேலை போய்விட்டது. விசாவில் இருப்பவனுக்கு அதன்பின் அறுபது நாள்தான். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். எங்கள் வளாகத்தில் இது பிள்ளைகளுக்கும் தெரியும். ஃபைஹாவோடு ஒரே பஸ்ஸில் போன கிரீஷின் குடும்பம் கிளம்பியதும் அப்படித்தான்.

ஆனால் ஃபைஹாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று தாவூதும் மனைவி ஆஸிபாவும் முடிவு செய்தார்கள். அடுத்த வருடம் அல்ஜீப்ரா வகுப்பில் சேர அவளுக்கு மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை ஒரு டெஸ்ட். அவள் மனசு கலையாமல் அதை எழுதட்டும், மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று. அதுவரை அவர் தினமும் ஆபீஸ் சட்டை போட்டுக் காரில் கிளம்பி, லைப்ரரியில் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை செய்தார். கோபம், புலம்பல் எதுவும் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தடவிப் பார்ப்பவர்போலக் கொஞ்சம் யோசித்து, "ஒண்ணும் தெரியல" என்பார். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை மாலை ஆஸிபா சமையலறையில் இருந்தபோது, ஃபைஹா இன்னொரு கணக்குக் கேட்டிருக்கிறாள். இவர் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. மொத்தம் அறுபது நாள். போன நாளைவிட மீதி நாள் இருபத்திரண்டு அதிகம். போனது எத்தனை, மீதி எத்தனை?

எழுதி முடித்த பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. அவள் போனதை எக்ஸ் என்றும் மீதியை ஒய் என்றும் வைத்து, இரண்டு சமன்பாடுகளையும் கூட்டி, ஒரு வரி விடாமல் போட்டாள். பத்தொன்பது, நாற்பத்தொன்று. வழக்கம்போலச் சரிபார்க்க எழுந்தவள் சுவர்க் காலண்டருக்குப் போனாள். பின்னோக்கி ஒவ்வொரு நாளாக எண்ணினாள். அத்தா மதியமே வந்து, தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்த அந்த வெள்ளிக்கிழமையில் விரல் நின்றது. அப்போதுதான் இவருக்குத் தான் எழுதியது என்ன என்று புரிந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, கிரீஷ் மாதிரியா என்று மெதுவாகக் கேட்டாளாம். இவர் ஆமாம், வெள்ளிக்கிழமை டெஸ்ட் முடிந்ததும் அம்மாவும் நானும் சொல்வதாக இருந்தோம் என்றாராம். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"அம்மாட்ட சொல்லாதீங்க, அத்தா. டெஸ்ட் நல்லாவே எழுதிட்டு வரேன். ஃப்ரைடே நீங்க ரெண்டு பேரும் சொல்லும்போது, தெரியாத மாதிரியே இருக்கேன்."