தயார் என்று சொன்ன வால்வு

மோகனா ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குத் தோலைப் பற்றியும் தெரியாது, சாக்கடையைப் பற்றியும் தெரியாது. கணியம்பாடிப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். எம்.சி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையிலிருந்த செல்வகுமாரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு பக்கத்திலேயே ஒரு வேலை தேடினாள். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் கிடைத்தது. எல்லாரும் அதை ப்ளான்ட் என்பார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு அவளும் லுப்னா என்ற பெண்ணும் மட்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் ப்ளான்ட்டின் எல்லாத் திரைகளும் அப்படியே நின்றுபோயின. ரிப்போர்ட் எடுக்கிற ஒரு புரோகிராம் டேட்டாபேஸோடு இணைப்பு மேல் இணைப்பாக வாங்கி, வேலை முடிந்தும் எதையும் திருப்பித் தராமல் வைத்திருந்தது. இருந்த இணைப்பெல்லாம் தீர்ந்துபோய், வால்வுகளைக் காட்டும் திரைக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. அன்றைக்கு அதைச் சரிசெய்தவள், இங்கே எழுதுகிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தண்ணீர் ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டாள்.

ஊருக்குள் சில இடங்களில் பம்ப் ஸ்டேஷன்கள் உண்டு. தொழிற்சாலைகளிலிருந்து வரும் தண்ணீர் அங்கே ஆழமான தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ப்ளான்ட்டுக்கு வரும். தொட்டிக்குள் ஏதாவது பழுதானால் முகமூடியும் கயிறும் மாட்டிக்கொண்டு ஓர் ஆள் இறங்க வேண்டியிருக்கும். அப்போது தண்ணீர் வரும் வால்வு மூடியிருக்க வேண்டும். தவறித் திறந்தால், தண்ணீரோடு விஷவாயுவும் வரும். உள்ளே இருப்பவன் மேலே வர மாட்டான்.

ஆள் இறங்குவதற்கான பெர்மிட், ஸ்டேஷனில் இருக்கும் டேட்டாபேஸில் பதிவாகும். வால்வின் பூட்டு ப்ளான்ட்டின் டேட்டாபேஸில். பெர்மிட் இருக்கும்வரை வால்வு மூடிப் பூட்டியிருக்க வேண்டும்; பெர்மிட்டை முடித்தால்தான் பூட்டு விலகி வால்வு திறக்கும். முன்பெல்லாம் போனில் சொல்லி இரண்டையும் தனித்தனியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மோகனா வந்த பிறகுதான் அவை இரண்டும் சேர்ந்து ஒரே டிரான்ஸாக்‌ஷன் ஆயின. மாறினால் இரண்டும் மாற வேண்டும், இல்லையென்றால் இரண்டும் பழையபடியே இருக்க வேண்டும். ஸ்டேஷன் கம்ப்யூட்டர் முதலில் இரண்டு பக்கமும் "தயாரா?" என்று கேட்கும். "தயார்" என்று சொன்ன பக்கம் அதன் பிறகு தானாக எதுவும் செய்யக்கூடாது. முடிக்கச் சொல்லி கமிட் வருகிறதா, பழையபடி விடச் சொல்லி ரோல்பேக் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். நடுவில் லைன் அறுந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் அப்படித்தான் அறுந்தது.

அன்று ரயிலடி பம்ப் ஸ்டேஷனில் பம்ப்பின் சங்கிலி கழன்றிருந்தது. சூப்பர்வைசர் சமீருல்லா பெர்மிட் போட்டு, பூவரசன் என்ற தொழிலாளியை இறக்கியிருந்தார். வால்வு மூடியிருந்தது. வெகுநேரம் கழித்து, பெர்மிட்டை முடிக்கச் சொல்லி அங்கிருந்து செய்தி வந்தது. ப்ளான்ட்டின் டேட்டாபேஸ் "தயார்" என்று பதில் எழுதி வைத்தது. அந்த நேரத்தில் இடி இறங்கியது. விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. ஸ்டேஷன் கம்ப்யூட்டரோடு இருந்த இணைப்பு போய்விட்டது; வால்வுக்குப் போகும் தனிக் கம்பி மட்டும் தப்பியது.

"அக்கா, வால்வு திறக்கவும் இல்ல, பூட்டு போகவும் இல்ல. 'முடிவு தெரியவில்லை'ன்னு காட்டுது" என்றாள் லுப்னா.

"அப்படியே விடு. லைன் வந்ததும் அதுவே கேட்டுத் தெரிஞ்சுக்கும்."

ஆனால் மழை விடவில்லை. மூடிய வால்வுக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கோதண்டராமன் நனைந்த சட்டையோடு உள்ளே ஓடிவந்தார்.

"மோகனா, மேட்டுத் தெருவுல மேன்ஹோல் பொங்குதும்மா. வீட்டுக்குள்ள பூருது. ஸ்கூல் விட்டுப் பசங்க அந்தத் தண்ணியிலதான் நடந்து வருதுங்க. வால்வை ஏன் திறக்கல?"

அவள் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார்.

"பெர்மிட்டை முடிக்கணும்னு அவங்கதானே கேட்டாங்க? அப்போ ஆள் வெளிய வந்துட்டான்னுதானே அர்த்தம்?"

"கேட்டாங்க சார். முடிஞ்சுதான்னு தெரியாது."

"நாமளா முடிக்க முடியாதா?"

"முடியும். ஒரே ஒரு கமாண்ட்."

"போடும்மா, போடு!"

அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தெருவில் குழந்தைகள் நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். மோகனா சமீருல்லாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொட்டியருகே வாயு இருக்கும் என்பதால் போனை அறையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அதுதான் விதி. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

கமாண்டை டைப் செய்தாள். அந்த டிரான்ஸாக்‌ஷனின் எண்ணைச் சேர்த்தாள். கமிட் என்று எழுதினாள். இனி என்டர் மட்டும்தான். அவர் சொல்வது சரியாக இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. ஆள் மேலே வராமல் யார் பெர்மிட்டை முடிக்கச் சொல்வார்கள்? ஆனால் ப்ளான்ட் சொன்ன "தயார்" அங்கே போய்ச் சேர்ந்ததா? சேராமல் இருந்தால் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரோல்பேக் செய்திருக்கும். பெர்மிட் இன்னும் உயிரோடு இருக்கும். அங்கே இருப்பவர்கள் அதை நம்பி எது வேண்டுமானாலும் செய்யலாம். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள்.

விரலை எடுத்துவிட்டாள்.

"சார், நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

"அதுக்குள்ள ஊரே அடிக்க வந்துரும்."

"வரட்டும் சார். லுப்னா, நான் போன்ல சொல்ற வரைக்கும் இந்தத் திரையை விட்டு எழுந்திருக்காதே."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஹைவே பாலத்தடியில் லாரிகள் நின்றிருந்தன. ஷூ கம்பெனி பஸ்கள் வேறு வழியை மறித்திருந்தன. மழைக்கோட்டு மாட்டவும் தோன்றவில்லை. கோதண்டராமனுக்கும் அந்தக் கமாண்ட் போட அதிகாரம் உண்டு என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. போன் அடித்தது. நிறுத்தி எடுக்கவே பயமாக இருந்தது. லுப்னாதான்.

"அக்கா, யாரோ பெரிய இடத்துலருந்து சாருக்குப் போன். திட்டு வாங்கிட்டு நிக்கிறாரு. என் பின்னாடியேதான் நிக்கிறாரு."

"அவர் கையைப் பாரு லுப்னா. கையைப் பாரு."

ஸ்டேஷன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். தகரக் கூரைக்குக் கீழே, தொட்டிக்கு மேல் கயிறு தொங்கும் இரும்பு முக்காலி நின்றது. சமீருல்லா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கயிறு விறைப்பாக இருந்தது.

"பாய்… உள்ள யாரு?"

"பூவரசன்தான். இன்னா மேடம், இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? வேலை முடிஞ்சு மேல வந்தான். பெர்மிட்டை முடிக்கப் பார்த்தேன், முடியல, இன்னும் ஓப்பன்லதான் இருக்குன்னு காட்டுச்சு. அதுக்குள்ள சங்கிலி மறுபடியும் கழண்டுக்குச்சு. சரி, வால்வு மூடித்தானே இருக்குதுன்னு திரும்ப இறக்கினேன்."

அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. "மேல இழுங்க பாய். இப்பவே இழுங்க" என்று சொல்லிவிட்டு மோகனா வெளியே ஓடிப் போனை எடுத்தாள்.

"லுப்னா, ஆள் உள்ள இருக்கான். சார்கிட்ட சொல்லு. ஆள் உள்ள இருக்கான்."

எதிர்முனையில் கோதண்டராமனே போனை வாங்கியிருந்தார். "சரிம்மா, தொடல" என்றார்.

பூவரசன் மேலே வந்து முகமூடியைக் கழற்றிவிட்டு, "இன்னா அவசரம் பாய்? இன்னும் ஒரு கண்ணிதான் பாக்கி இருந்துச்சு" என்று சலித்துக்கொண்டான். மோகனா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நனைந்த குளிர் என்று நினைத்து சமீருல்லா டீ வாங்கிவரச் சொன்னார்.

லைன் திரும்பியதும் ப்ளான்ட்டின் டேட்டாபேஸ் ஸ்டேஷனைக் கேட்டது, ரோல்பேக் என்று பதில் வந்தது, வால்வு பூட்டியபடியே நின்றது. ஆள் வெளியே இருக்கிறான் என்று கண்ணால் பார்த்த பிறகு சமீருல்லா மறுபடி முடிக்கச் சொன்னார். இந்த முறை இரண்டு பக்கமும் தயார் என்றன, இரண்டும் முடிந்தன. வால்வு திறந்தது.

மேட்டுத் தெருவில் அதற்குள் நிறைய வீடுகளில் தண்ணீர் புகுந்திருந்தது. ஜனங்கள் ப்ளான்ட் வாசலில் வந்து கத்தினார்கள். கோதண்டராமன் தனியாக நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். உள்ளே ஓர் ஆள் இருந்தான் என்று அவர் சொன்னபோது முன்னால் நின்ற சிலர் அமைதியானார்கள், மற்றவர்கள் ஆகவில்லை. அவர்கள் வீட்டு அரிசி நாறிப்போயிருந்தது.

சாயங்காலம் மோகனாவின் மேஜைக்கு வந்தார். "நீ போனதும் நான் அதைப் போட்டிருப்பேன்மா. அந்தப் பொண்ணு கீபோர்டு மேல கையை வெச்சு மூடிக்கிட்டா."

"நானும் போட்டிருப்பேன் சார். எழுதி முடிச்சுட்டேனே."

அந்த மாதமே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாயுவுக்குப் பாதுகாப்பான ஒயர் போன் ஒன்று தொட்டிப் பக்கத்திலேயே வைத்தார்கள். முடிவு தெரியாமல் நிற்கும் எதையும் கையால் முடிப்பதற்கு முன்னால், தொட்டியைப் பார்த்து நிற்கும் ஆளின் குரலைக் கேட்டாக வேண்டும் என்று விதி போட்டார்கள். வால்வுக்கு முன்னால் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு மாற்றுக் குழாயும் வேண்டும் என்று மோகனா எழுதிக் கொடுத்தாள். அதற்குத்தான் இன்னும் அனுமதி வரவில்லை. மழை பெரிதாக இறங்கும் நாட்களில் அவள் திரையை விட்டு நகராமல், மதியச் சாப்பாட்டைத் திறப்பதே இல்லை என்று லுப்னா சொல்கிறாள்.