பசியில்லாத புலி

இவர்கள் எங்களைச் சும்மா விடப்போவதில்லை என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் தோன்றியது, அவர்கள் கொடுத்த மூன்றாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தபோதுதான். முதல் இரண்டையும் தின்றபோது தோன்றவில்லை. பசி அப்படி.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலேசியாவில், ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில் இருந்தோம். பள்ளி விடுமுறையில் கொரியாவிலிருந்து ஒரு தேவாலயக் குழு வந்து, தோட்டத்து மண்டபத்தில் ஒரு வாரம் ஆங்கில முகாம் நடத்தியது. எல்லாமே இலவசம். வந்தவர்கள் பார்க்க ஈப்போச் சீனர்கள் போலவே இருந்தார்கள், ஆனால் ஒருவருக்கும் கேண்டனீஸ் மொழி தெரியவில்லை. போதாததற்கு எல்லோர் முகமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. சந்தேகப்பட இதற்குமேல் என்ன வேண்டும்?

வேண்டியதைப் பெரியப்பா சொன்னார். அவர் கோயில் தலைவர். சந்தேகப்படுவதை ஒரு பொதுச்சேவையாகவே செய்துவந்தார்.

“இங்கிலீசு சொல்லிக்குடுக்க வந்தவங்களுக்கே இங்கிலீசு தத்தித் தத்தித்தான் வருது. அப்ப வேற எதுக்கோ வந்திருக்காங்க லா.”

“புள்ள நாலு வார்த்த பேசக் கத்துக்கட்டுமே மாமா,” என்றாள் அம்மா.

ஒருவழியாகச் சமரசம் ஆயிற்று. நான் போகலாம். ஆனால் தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே என்ன பாடினார்கள், என்ன சொன்னார்கள் என்று சாயங்காலம் பெரியப்பாவிடம் வந்து ஒப்பிக்க வேண்டும்.

உளவு பார்க்கும் வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குதித்துக் குதித்து ஒப்பித்தேன். பழங்களின் பெயர் சொன்னார்கள், நிறங்களின் பெயர் சொன்னார்கள், யானைபோல் நடக்கச் சொன்னார்கள். பெரியப்பா முகத்தில் ஏமாற்றம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

கடைசி நாள் நாடகம். என் குழுவைப் பார்த்துக்கொண்ட கொரியா அக்கா என்னைப் புலியாக்கினாள். புலி மான்களிடம் போய், “ஐ யாம் நாட் ஹங்ரி டுடே” என்று சொல்ல வேண்டும். இன்று எனக்குப் பசியில்லை. மான்கள் நம்பாது. புலி மறுபடியும், இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைக் குளிக்கும்போதும் சொன்னேன், கோழிகளிடமும் சொன்னேன்.

நாடகத்துக்கு முந்தின நாள் வெளியே வெயிலில் ஒத்திகை. அக்கா திடீரென்று என் நெற்றியைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் திருநீற்றை அழுத்தித் தேய்த்துக் கரைத்துவிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு டியூபைப் பிதுக்கி, வெள்ளையாக எதையோ என் முகம் முழுக்கப் பூசினாள். குளுகுளுவென்று இருந்தது. பூ வாசம் அடித்தது.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் அதையும் ஒப்பித்தேன்.

பெரியப்பா துள்ளி எழுந்தார். “பாத்தியா! நம்ம துண்ணூற அழிச்சிட்டு அவங்க துண்ணூற பூசி விட்டுட்டாங்க! நாளைக்கி இவ போவக் கூடாது!”

“நான்தான் புலி!” என்று அலறினேன்.

அம்மா அவருக்குப் பாலில்லாத தே ஓ ஊற்றிக் கொடுத்தபடி, “புலி இல்லாம மானுங்க என்ன பண்ணும் மாமா? வேணும்னா நீங்களும் கூடப் போயி முன்னாடி ஒக்காருங்க,” என்றாள்.

நேரில் போய்ச் சந்தேகப்படலாம் என்பது பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் கோயில் திருநீற்றுத் தட்டோடு என்னை மண்டபத்துக்கு அழைத்துப் போனார். எல்லோரும் பார்க்க, என் நெற்றியில் மூன்று பட்டை இழுத்தார். இழுத்துவிட்டுக் கொரியா அக்காவை முறைத்தார். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. இரண்டு கையையும் சேர்த்து, பெரியப்பாவின் முன்னால் நெற்றியைக் காட்டிக் குனிந்தாள்.

பெரியப்பா மாட்டிக்கொண்டார். குனிந்த நெற்றிக்குத் திருநீறு இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கை தானாகவே போய்ப் பூசிவிட்டது.

மண்டபத்தின் மறுகோடியில் நின்ற அவர்கள் குழுத் தலைவர் அதைப் பார்த்தார். அக்காவை வெளியே கூப்பிட்டார். அவள் திரும்பி வந்தபோது நெற்றி துடைத்துச் சுத்தமாக இருந்தது. முன்தலைமுடி நனைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. திருநீறு கண்ணில் பட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் புலியானேன். பசியில்லை என்றேன். மான்கள் நம்பவில்லை. பெரியப்பாவும் நம்பவில்லை. மறுபடி மெதுவாகச் சொன்னேன். கைதட்டல். முடிந்ததும் குழுத் தலைவர் எல்லோரையும் கண்மூடச் சொல்லி, நீளமாக ஜெபிக்க ஆரம்பித்தார். பெரியப்பா என் விலாவில் இடித்தார். “வந்துட்டாங்க லா மேட்டருக்கு!” அந்த வாரத்திலேயே அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

காம்பாரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, ஒரு மருந்துக்கடையில் என் தோழி வெயிலுக்குப் பூசும் கிரீமைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். அதே பூ வாசம். கடையென்றும் பாராமல் விழுந்து விழுந்து சிரித்தேன். சரியாகத் தேய்க்காமல் விட்ட சன் கிரீம் என்றல்லவா அந்தக் கொரியா அக்கா என் திருநீற்றை நினைத்திருக்கிறாள்! அப்படியே அந்த நனைந்த முன்தலைமுடி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு அப்போது என் இப்போதைய வயதுதான் இருக்கும். தன் தவறு புரிந்து குனிந்தாளா, இந்த ஊர்க் கிரீம் என்று நினைத்துக் குனிந்தாளா, தெரியாது. எங்கள் தோட்டமே அவளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஆட்களும் அவளைச் சந்தேகித்தார்கள் என்பதுதான் அன்றைய புலிக்குப் புரியவில்லை.

அதே தோழியின் ஈப்போ தேவாலயம் அடுத்த மாதம் கம்போடியாவில் ஆங்கில முகாம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும், யாரும் வரலாம் என்றாள். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். இப்போது ஒரு சின்ன வேண்டுகோள் வந்திருக்கிறது. அந்த ஒரு வாரம் மட்டும் நெற்றியில் எதுவும் வேண்டாமே என்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன்.

“போறதுக்கு அவங்க ஒனக்கு என்னா குடுக்குறாங்க?”

“ஒன்னும் இல்ல பெரியப்பா. சும்மாதான்.”

“அதாம் லா எனக்குப் பயமா இருக்கு,” என்றார்.

எனக்கும்தான். சும்மா ஏன் போகிறேன் என்று என்னையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிரீம் வாங்கியாயிற்று. கேட்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் தொடப்போவதில்லை. கடைசி நாளுக்கு அதே புலி நாடகத்தைத்தான் போடப்போகிறேன், இந்தமுறையும் புலி நான்தான். முன்வரிசையில் யாரோ ஒரு பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து, பசியில்லை என்று சொல்லிப் பார்க்க வேண்டும். மெதுவாக, இரண்டு தடவை.