நான்காவது ஆள்

படங்களைக் கழிப்பதில்தான் என் வேலை தொடங்கும். கல்யாண வீட்டார் பென்டிரைவில் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கண் மூடியவை, வாய் திறந்தவை, ஒரே சிரிப்பைப் பத்துத் தடவை எடுத்தவை என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை வைத்துத்தான் ஆல்பம். மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். என் கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர் வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்துச் செய்துவருகிறேன். இப்போதெல்லாம் கல்யாண ஆல்பத்தைவிடக் குழந்தைகளின் ஸ்கிராப்புக்குத்தான் கிராக்கி. முன்பு நோட்டில் படத்தை ஒட்டி, ஓரத்தில் ரிப்பன் வைத்து, பக்கத்தில் நாலு வார்த்தை எழுதிவைப்பார்களே, அதையே திரையில் செய்வது. பசை வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். வருகிறவர்கள் எல்லாரும் பட்டாம்பூச்சி கேட்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அக்கா மகளுக்கு ஒரு புத்தகம் செய்ய உட்கார்ந்தபோது முதல் தடவையாக எனக்குக் கழிக்கக் கை வரவில்லை.

அக்கா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. அத்தானுக்குத் தாராவியில் தையல் கார்கானாவில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் பிள்ளையை நான் செம்பூருக்குத் தூக்கிவந்துவிட்டேன். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருஷம் அத்தானுக்கு மறுபடி பெண் பார்த்து முடிவு செய்தார்கள். பெண்ணுக்குக் கல்யாண் ஸ்டேஷன் பக்கம் வீடு. நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தாள். அத்தான் வேலையையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு, பிள்ளையை அழைத்துப்போய் அங்கேயே பள்ளியில் சேர்ப்பதாக ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். யார்மேலும் குறை சொல்ல வழியில்லாமல் போனதே எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிறன்று அத்தான் பிள்ளையை மடியில் உட்காரவைத்துச் சொன்னார், “அங்க போனா அவங்கள அம்மான்னு கூப்பிடணும், என்ன?” அவள் சரி என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து என் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நிறுத்தி, அதிலிருந்த ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

“சித்தி, இதுதானே என்னோட பழைய அம்மா?”

அது என் முகம்.

அந்தப் படத்தில் எனக்குக் கண்ணாடி கிடையாது. முடி இடுப்புவரை இருக்கிறது. அக்காவுக்கும் எனக்கும் ஒரே முகவெட்டு. “இல்லட்டி, அது நான். அம்மா இந்தா பக்கத்துல நிக்கா பாரு” என்றேன். அவள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ நான் ஏன் உன்கிட்ட இருக்கேன்? அம்மாகிட்டதானே இருக்கணும்?”

போனை வாங்கி வைத்துவிட்டேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. எந்தக் குழந்தையும் தன்னை இடுப்பில் வைத்திருப்பவளைத்தான் அம்மா என்று சொல்லும். அக்காவின் முகம் தெரிகிற படங்களில் பெரும்பாலும் பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தாள்.

அதற்குக் காரணம் அக்காவேதான். எங்கள் ஆட்கள் மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்தால் மூவரில் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். மற்றவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அக்கா நிஜமாகவே பயப்படுவாள். பிள்ளை பிறந்து வீட்டில் மூன்று பேர் ஆனதிலிருந்து எந்தப் படத்துக்கும் நான்காவதாக ஓர் ஆள் வேண்டும் என்று அடம்பிடிப்பாள். ஒரு தடவை ஜூஹு கடற்கரையில் யாரும் கிடைக்காமல், முன்பின் தெரியாத ஒரு மராத்திக்காரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திப் படம் எடுத்து வந்தாள். அந்தம்மா படத்தில் திருதிருவென்று விழிக்கிறாள். நான் பக்கத்தில் இருந்துவிட்டால் நான்தான் நான்காவது ஆள். “ஏட்டி, ஓடியா. மூணு பேரா நிக்கக் கூடாது” என்று கூப்பிடுவாள். வந்து நின்றதும், “இந்தா, நீ பிடி. என் சேலை கசங்கிரும்” என்று பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு மடிப்பை நீவிக்கொண்டு நிற்பாள். சேலை விஷயத்தில் மகாராணிதான் அவள்.

அவள் போனில் இருந்தவை எல்லாம் பிள்ளை மட்டும் இருக்கிற படங்கள். எடுத்தவள் அவள் என்பதால் அவற்றில் அவள் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு எடுத்த ஒன்றிரண்டில் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள், குனிந்திருப்பதால் முகம் தெரியவில்லை. கடைசிவரை அவள் மூன்று பேராக நிற்கவே இல்லை. அத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் போய்விட்டாள். இதை நினைத்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும், யார்மேல் என்று தெரியாத கோபம்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். கையில் இருந்த மற்ற ஆர்டர்களைத் தள்ளிவைத்தேன். பிள்ளை இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதற்குமுன் பெற்றவளின் முகம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் பின்னணி. கடையில் விற்கிற மாதிரி மேகம், நட்சத்திரம், கரடிப் பொம்மை எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. அக்காவின் சுங்குடிச் சேலை ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஜன்னல் பக்கம் விரித்து, வெயில் நேராக விழாத நேரம் பார்த்துப் படம் எடுத்தேன். அப்படியே பக்கம் முழுவதும் போட்டபோது புள்ளிகள்தான் கண்ணில் பட்டன, மேலே வைத்த முகம் காணாமல் போனது. நிறத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். சேலை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வெளுத்த பிறகுதான் முகம் மேலே வந்தது. பின்னணி எப்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது கத்தரிப்பது. ஒரு பக்கத்துக்கு ஒரு முகம்தான் முக்கியம், கண் முதலில் அங்கேதான் போக வேண்டும். இந்தப் புத்தகத்துக்கு இன்னும் கடுமையாக ஒன்றை முடிவு செய்துகொண்டேன். புத்தகம் முழுவதும் பிள்ளையைத் தவிரப் பெண் முகம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு படத்திலும் என்னை வெட்டினேன். சில படங்களில் ஓரத்தில் நின்றிருந்தேன், சுலபமாகப் போனேன். சிலவற்றில் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தேன், என்னை எடுத்தால் அவள் தோளும் கொஞ்சம் போனது. அங்கே ஒரு காகிதப் பூவை வைத்து மறைத்தேன். அத்தானுடன் அவள் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்கிற படம் ஒன்று கிடைத்தது. அழகான படம் அல்ல, ஆனால் அவள் அப்படியே இருந்தாள். அதைப் பெரிதாக வைத்தேன்.

எழுதுகிற இடத்தில் தடுமாறினேன். பிள்ளை ஆங்கிலமும் இந்தியும் படிப்பாள், தமிழ் எழுத்து தெரியாது. நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இரண்டு முறை பாதியில் விட்டிருக்கிறேன். தமிழில் எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது, அவளுக்கு உபயோகம் இல்லை. கடைசியில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். ‘அம்மாவுக்குக் கோபம் வந்தா மூக்கு செவக்கும்’, ‘அம்மாவுக்கு மழைன்னா பயம் கிடையாது’ இந்த மாதிரி. பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அவள் படித்தால் என் வீட்டுப் பேச்சு அவள் வாயிலிருந்து வரும் என்பதால் விட்டுவிட்டேன்.

எல்லாப் பக்கங்களும் ஒருவாறு அமைந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் மீதி இருந்தது. அம்மா, அப்பா, அவள், மூன்று பேர் மட்டும் இருக்கிற படம். அப்படி ஒன்று இல்லை. அதனால் செய்ய வேண்டியிருந்தது.

அன்று அவள் விரல் வைத்த படத்தை விட்டுவிட்டு, பொங்கலன்று தாராவித் தெருவில் எடுத்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அத்தான், நடுவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான். பின்னால் சுவர், ஒரு நீல நிறத் தண்ணீர் டிரம். முகத்தில் தொடங்கி என்னை அழித்துக்கொண்டே வந்தேன். நான் நின்ற இடத்தில் சுவரை நிரப்பினேன், டிரம்மை அகலமாக்கினேன். அக்காவைத் தனியே கத்தரித்து, கண்ணாடித் தாள் மாதிரி மேலே படிகிற ஒரு லேயராக்கி நகர்த்திப் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்தினேன். பிள்ளை என் துப்பட்டாவின் முனையைப் பிடித்திருந்தாள். துப்பட்டாவுக்கு அக்காவின் சேலை நிறத்தைக் கொடுத்து முந்தானையோடு சேர்த்தேன். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. பிள்ளையைச் சுற்றிப் பிடித்திருந்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் பிள்ளையின் இடுப்பில் பாதி போய்விடும், அவள் அந்தரத்தில் நிற்பாள். அக்காவின் கைகளோ அவள் நிற்கிற வேறு எந்தப் படத்திலும் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி இல்லை. எல்லாவற்றிலும் சேலையைத்தான் பிடித்திருந்தன.

அதனால் அந்தக் கையை அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். அவள் என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு, நிறத்தை இறக்கினேன். மணிக்கட்டில் இருந்த வாட்சை அழித்துவிட்டு, இன்னொரு படத்திலிருந்து அவளுடைய சிவப்புக் கண்ணாடி வளையல்களை எடுத்துப் போட்டேன். கடைசியாக நிழல். வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வந்திருந்தது. வளையலின் நிழலைக் கையின்மேல் விழவைத்ததும் அது அவள் கையாகிவிட்டது. ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டரை விட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வழக்கமாக லேயர்களைப் பிரித்துத் திருத்தும்படி ஒரு பிரதி வைத்திருப்பேன். இதற்கு வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமித்து அச்சுக்கு அனுப்பினேன். போனில் மட்டும் இருந்தால் போன் மாறும்போது போய்விடும், அதனால் கையில் பிடிக்கிற புத்தகமாகவே வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தேன்.

புத்தகம் வந்த ஞாயிறு அத்தான் பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்தார். அவள் உள்ளே பள்ளிப் பையில் பொம்மைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். அவரிடம் முதலில் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். சண்டைப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். மூன்று பேர் இருக்கிற பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

“மூணு பேரா நிக்கோமே” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இனிமே யாருக்கு என்ன ஆகணும், அத்தான்?” என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். “அவ இருந்தா நம்ம ரெண்டு பேரையும் ஏசியிருப்பா” என்றார். பிறகு, “எங்க மூணு பேருக்கும் ஒரு படம்கூட இல்லாமப் போச்சே” என்று சொல்லிவிட்டுத் தேம்பினார். அந்தக் கார்கானாச் சத்தத்திலேயே வாழ்ந்து உரக்கப் பேசிப் பழகியவர் அவர். அப்படிச் சத்தமில்லாமல் அழுது நான் பார்த்ததில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

புத்தகத்தை நான் வாங்கிப் பிள்ளையிடம் கொண்டுபோனேன். தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தாள். எழுத்துக்கூட்டி, “அம்மாவுக்கு மழைன்னா பயம் கிடையாது” என்று படித்துவிட்டு, “அச்சா?” என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம் என்றேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அவள் விரலை நீட்டி, ஒரு தயக்கமும் இல்லாமல் அக்காவின் முகத்தில் வைத்தாள். “அம்மா.” விரல் நகர்ந்தது. “அப்பா. நான்.” பிறகு வளையல் போட்ட கையைத் தடவிப் பார்த்தாள். “என்னைய அம்மாதான் தூக்கி வச்சிருக்கா.”

“ஆமா” என்றேன். நான் எதற்காக உட்கார்ந்தேனோ அது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

அவள் ஆரம்பத்திலிருந்து மறுபடி புரட்டினாள், இந்த முறை வேகமாக, எதையோ தேடுகிற மாதிரி. தேடி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சித்தி, நீ எதுலயுமே இல்லையே?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் போகிற வீட்டில் என் முகம் எங்கும் இருக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். குர்லாவில் வண்டி மாற வேண்டும், கூட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

“நான்தானே போட்டோ எடுத்தேன்” என்றேன்.

“எல்லாமா?”

“எல்லாம்.”

அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நல்லா எடுத்திருக்க, சித்தி” என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினாள்.