மொட்டைமாடிக்காரரும் குடங்களும்

கே.கே. நகரில் நான் பல் மருத்துவமனை தொடங்கியபோது, நோயாளிகள் காத்திருக்கும் அறையின் சுவர் வெறுமையாகக் கிடந்தது. ஓவியக் கண்காட்சி ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி வரைந்த படத்தை வாங்கி மாட்டினேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒருவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தண்ணீர் பூந்தொட்டிகளெல்லாம் நிரம்பி, சுவர் வழியாக வழிந்தோடும். கீழே தெருவில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். குடங்களின் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அந்த நிறங்கள் பிடித்துப்போய்த்தான் வாங்கினேன்.

பல்வலியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறென்ன வேலை? எல்லோரும் அதையே பார்த்தார்கள். அதிகம் பார்த்தவர், பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். ஓய்வுபெற்ற அதிகாரி. ரூட் கெனால் சிகிச்சைக்காகச் சில முறை வந்துபோனார். ஒருநாள் நாற்காலியில் சாய்ந்ததும், வாயைத் திறக்கச் சொன்னால் பேசத் தொடங்கிவிட்டார்.

"டாக்டரம்மா, வெளிய மாட்டியிருக்க அந்தப் படம் எங்கள மாதிரி ஆளுகளத்தான் குத்திக்காட்டுது. கீழ ஒரு மனுசரக்கூட வரையல பாருங்க. மேல இருக்கவன் கண்ணுக்கு அவங்க வெறும் குடமாத்தான் தெரியிறாங்க."

நான் செல்லூர்ச் சந்தில் வளர்ந்தவள். அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தார். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நூல் சுற்றப் போய்விடுவார். தெருவில் எல்லோரும் அப்படித்தான். அடையாளத்துக்குக் குடத்தின் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவைப்போம். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"அவங்க வேலைக்குப் போயிருக்காங்க சார். வரிசையில நிக்கக்கூட அவங்களுக்கு நேரமில்ல. எனக்கு அந்தப் படம் அதத்தான் சொல்லுது."

அவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப நான் சொன்னதவிட இது மோசமால்ல இருக்கு" என்றார்.

அன்றே படத்தை இரவல் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காட்ட வேண்டுமாம். ஊசி போட்ட கன்னம் மரத்துப்போய் ஒருபக்கம் கோணியிருக்க, படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

கூட்டத்தில் நடந்ததை அடுத்த முறை வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னார். பொருளாளர் படத்தைப் பார்த்ததுமே, மாடியில் நிற்கும் ஆளின் தொப்பை தன்னுடையதுதான் என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, நம் மாடித் தண்ணீர்த் தொட்டியும் தினமும் நிரம்பி வழியத்தானே செய்கிறது என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பின்தெருவில் குடங்கள் நிற்பதை எல்லோரும் பால்கனியிலிருந்து பார்ப்பவர்கள்தான். மதில் சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைப்பது என்று பேச்சு திரும்பியது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. டீ ஆறும்வரை வாதாடி, காலையில் மட்டும் தண்ணீர் விடலாம் என்று முடித்தார்கள்.

குழாய் வந்தது. என் படம்தான் வரவில்லை. லிஃப்ட் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். கேட்டால், பொருளாளர் எடுக்க விடமாட்டேன் என்கிறாராம். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அதில் இருப்பது தான்தான் என்று காட்டுகிறாராம்.

வேறு படம் வேண்டும் என்று அந்த மாணவிக்குப் போன் செய்தேன். நானும் செயலாளரும் கண்டுபிடித்த அர்த்தங்களைச் சொல்லி, எது சரி என்று கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, அந்த ஒரு ஆள வரையவே ரெண்டு வாரமாச்சு. கீழ அம்புட்டுப் பேர நான் எங்க போயி வரைய? அதான் குடத்தோட நிறுத்திட்டேன். ஆனா அந்தத் தண்ணிய மட்டும் வேணும்னுதான் வழிய விட்டேன்."

இதைச் செயலாளரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். புதிதாக மாட்டிய பல் உறை பளபளத்தது. "பரவாயில்ல, குழாய வச்சாச்சு. நீங்க அந்த ஆள ரெண்டு வாரம் வரைஞ்ச கதைய எங்க பொருளாளர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, அப்புறம் அவரக் கையில பிடிக்க முடியாது" என்றார்.