கங்காதரன் அண்ணனுக்கு ஒரு சாட்சி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று, அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். காய்ச்சல் இறங்கியது, பிள்ளைக்கு காலேஜில் சீட் கிடைத்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கங்காதரன் அண்ணன் மட்டும் இரண்டு வருஷத்தில் ஒரே சாட்சியை மூன்று முறை சொன்னார். தன் கோபத்தை ஆண்டவர் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார் என்பார். பிடுங்கப் பிடுங்க முளைக்கிற வேர் எது என்று பெண்கள் பக்கம் நாங்கள் குனிந்து சிரிப்போம்.

சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு சரியில்லை என்று கத்திய ஒரு அம்மாளின் ரவிக்கையை அவர் கண்ணெதிரே இரண்டாக வெட்டிப் போட்டவள் நான். கோபத்தைப் பற்றி எழுதுகிற தகுதி எனக்கு இருக்கிறது என்றால் அது இந்த வகையில்தான்.

அண்ணன் பருத்திப்பட்டில் குடியிருக்கிறார். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. லைசென்ஸில் மாற்ற யார் அலைவது என்று பாஸ்டரிடமே கேட்டவர். தங்கமான மனுஷன். ஆனால் ரோட்டில் ஒருவன் குறுக்கே வந்துவிட்டால் வேறு ஆள். அவரை மட்டும் சொல்லியும் பயனில்லை. இப்போதெல்லாம் ஜனங்கள் காலையில் கிளம்பும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் கிளம்புகிறார்கள். ஹாரன் அடித்தால் சண்டை, அடிக்காவிட்டால் சண்டை. விலக்கிவிட ஒருவர் வருவதற்குள் வீடியோ எடுக்க ஒன்பது பேர் வந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது சாட்சி சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரையான்சாவடி சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் அவருடைய பைக்கை இடித்துவிட்டு, அவரையே திட்டியும்விட்டார். அண்ணன் ஒரே தாவாகத் தாவி இறங்கி ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்தார். ஸ்டாண்டு போடவில்லை. பின்னால் மனைவி ஜெயப்பிரியா உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. வண்டி சாய்ந்தது. அவள் தார் ரோட்டில் கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது ஜெயப்பிரியா அழவில்லை, திட்டவுமில்லை. இனி உங்கள் பைக்கில் ஏற மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவர் பைக்கில் வருவார், அவள் ஆவடி பஸ்ஸில் வந்து இறங்குவாள். இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரே வீட்டிலிருந்து ஒரே இடத்துக்கு இரண்டு வழியாக வந்ததைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன்.

பாஸ்டர் தமிழ்வாணன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். உபதேசமெல்லாம் செய்யவில்லை.

"பிரதர், இனிமே அந்தச் சாட்சிய நீங்க சொல்ல வேணாம். சிஸ்டர் சொல்லட்டும். அவங்க சொல்ற அன்னிக்கி நான் நம்புறேன்."

அண்ணன் அன்றைக்கே வீட்டில் போய், அடுத்த வாரம் நீ எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிடு என்று ஜெயப்பிரியாவிடம் கேட்டிருக்கிறார். சபையில் நின்று என்னால் பொய் சொல்ல முடியாது என்று அவள் ரசத்தைத் தாளித்தபடியே சொன்னாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். அவர் அன்று சாப்பிடாமல் எழுந்து போனதையும் சொன்னாள். கோபத்தில் இல்லை, அவமானத்தில்.

ஆண்டவரே, கோபத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்து ஜெபித்து அண்ணன் அலுத்துப்போனார். தீங்கு செய்கிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி இயேசு கட்டளையிட்டிருக்கிறார் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறார். அதைச் செய்துதான் பார்ப்போமே என்று தோன்றியிருக்கிறது. ஆனால் குறுக்கே வந்து திட்டிவிட்டுப் போகிறவனின் பெயர் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி நம்பர்தான். பஸ் ஓட்டுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதானே.

அப்படித்தான் அவர்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் நம்பர்கள் வர ஆரம்பித்தன. முதல் நாள், "ஆண்டவரே, அந்த நாப்பது முப்பத்தாறுக்கு நடுரோட்டுல டயர் வெடிக்கட்டும்" என்று ஜெபித்தார். இது ஜெபமில்லை, சாபம் என்று ஜெயப்பிரியா கண்ணைத் திறக்காமலே திருத்தினாள். மறுநாள் அதே நாற்பது முப்பத்தாறு பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் வந்தது.

மாதங்கள் போயின. நம்பர்கள் கூடின. லாரி, ஷேர் ஆட்டோ, தண்ணீர் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ்கூட. ஒருநாள் ஜெபம் முடிந்து அவராகவே சொன்னாராம்.

"ஒருத்தனுக்காக ஜெபம் பண்ணணும்னா, அவன் இன்னா அவசரத்துல ஓடிகினு கீறானோன்னு யோசிக்க வேண்டிக்கீது ஜெயா. யோசிச்சிட்டா அடிக்கக் கை வர மாட்டேங்குது."

ஜெயப்பிரியா அதை உடனே நம்பிவிடவில்லை. பைக்கிலும் ஏறவில்லை. வீட்டில் ஜெபிப்பது வேறு, ரோட்டில் நடப்பது வேறு என்று அவளுக்குத் தெரியும். விழுந்தவள் அவள்தானே.

போன ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஜெயப்பிரியா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கரையான்சாவடிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஏதோ தகராறு என்றார்கள். எட்டிப் பார்த்தால் நடுவில் அவள் புருஷன். ஒரு கார் உரசியதில் பைக்கின் வலது பக்கக் கண்ணாடி உடைந்து கீழே கிடக்கிறது. காரிலிருந்து இறங்கிய ஒரு இளைஞன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குகிறான். அவர் வயசுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்கக்கூடாத வார்த்தைகள். சுற்றிலும் செல்போன்கள்.

ஜெயப்பிரியா தன் வலது மணிக்கட்டைத் தானாகவே பிடித்துக்கொண்டாளாம். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

"எறங்குடா கீழ" என்று அவன் கத்தினான்.

அவர் இறங்கவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தன. கை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் மட்டும் காரின் முன்பக்கம் போய் நின்றது. உதடு அசைந்தது. என்ன முணுமுணுக்கிறார் என்று அந்த ரோட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கூட்டத்தில் ஒருவருக்கு ஏமாற்றம். "இன்னா அண்ணாத்தே, சும்மா குந்திகினு கீற? ரெண்டு வுடு" என்றார்.

"வேணாம்பா" என்றார் அண்ணன். பிறகு காலரைப் பிடித்திருந்தவனைப் பார்த்து, "தம்பி, உனக்கு எங்கியும் அடிபடலியே?" என்றார்.

அவன் பிடி தளர்ந்தது. இன்னொரு வார்த்தை திட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டான். செல்போன்கள் சட்டைப் பைகளுக்குள் போயின.

ஜெயப்பிரியா கண்டக்டரிடம் சொல்லி அங்கேயே இறங்கினாள். வண்டிகளுக்கு நடுவே புகுந்து நடந்து வந்து, பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அமுங்கியதும் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கெளம்புங்க, பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க" என்றாள் அவள்.

அவர்கள் இருவரும் ஒரே வண்டியில் சபை வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்தபோது எனக்குப் பாட்டு மறந்துபோனது. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அழுத முகத்தைக் காட்ட வெட்கம். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் ஹெல்மெட்டோடு உட்கார்ந்துவிட்டு, பிறகுதான் ஞாபகம் வந்து கழற்றினார்.

சாட்சி நேரம் வந்தது. அவர் தலை நிமிரவில்லை. என் பக்கத்திலிருந்து ஜெயப்பிரியா எழுந்தாள். சபைக்கு வர ஆரம்பித்த பதினோரு வருஷத்தில் அவள் சாட்சி சொல்ல எழுந்தது அதுதான் முதல் தடவை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க ஊட்டுக்காரருக்குக் கோவம் பூட்ச்சின்னு நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கும் வந்துச்சி. கை நடுங்குனத நான் பார்த்தேன். ஆனா அவரு வண்டிய வுட்டு எறங்கல. அவ்ளோதான் என் சாட்சி."

உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்த கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. பாஸ்டர் தமிழ்வாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் நம்புகிறேன் பிரதர் என்றார். நான் கைதட்டிய வேகத்தில் வளையல் ஒன்று உடைந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அண்ணன் கை தூக்கினார். ஒரு ஜெப விண்ணப்பம் இருப்பதாகச் சொல்லி, எழுபத்திரண்டு பதினெட்டு என்று அந்தக் காரின் நம்பரைச் சொன்னார். நூற்றிருபது பேர் எழுந்து நின்று, யாரென்றே தெரியாத ஒரு கார்க்காரன் நல்லபடியாக வீடு போய்ச் சேரவேண்டும் என்று சத்தமாக ஜெபித்தோம். நடுவில் எனக்கு அந்த ரவிக்கைக்கார அம்மாளின் முகம் வந்து நின்றது. அவருக்கு நம்பர் பிளேட் இல்லை, வீடு தெரியும். திங்கட்கிழமை புதுத் துணியோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெயப்பிரியா பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. பைக்குக்கு வலது பக்கக் கண்ணாடி இல்லை. பின்னால் லாரி வருதா, பஸ் வருதா என்று பருத்திப்பட்டு வரைக்கும் அவளே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனாள்.